பாடசாலைச் சுகாதாரக் குழு: பெயர்ப்பட்டியல் போட்ட பிறகு

முதலில் கூட்ட நேரம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பாடசாலைகளில் 1.30க்குப் பிறகு கூட்டம் வைத்தால் கதிரைகள்தான் இருக்கும். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏற வேண்டியவர்களும் டவுன் பஸ் பிடிக்க வேண்டியவர்களும் மணி அடித்ததும் வெளிக்கிட்டுவிடுவார்கள். மாதம் ஒருமுறை, இடைவேளையை ஒட்டிய ஒரு பாடவேளை போதும். பி.எச்.ஐ.க்குப் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பல பாடசாலைகள் இருப்பதால், அவரிடம் நாளைக் கேட்ட பிறகுதான் அதிபர் கடிதம் அனுப்ப வேண்டும்.

அதிபர் தலைவர். சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறவரைச் செயலாளராகப் போடுவது வழக்கம். ஆனால் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் அவரைப் பிடிக்கவே முடியாது. ஆரம்பப் பிரிவு ஆசிரியர் ஒருவரை இணைச் செயலாளராக்கினால் வேலை நிற்காது. பி.எச்.ஐ., குடும்பநல உத்தியோகத்தர், அபிவிருத்திச் சங்கத்திலிருந்து இரண்டு பெற்றோர், மாணவர் நான்கு பேர். கன்டீன் நடத்துபவரைச் சேர்ப்பதா என்று இழுபறி வரும். சேருங்கள். அவர் இல்லாமல் எடுத்த முடிவால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ரோல்ஸ் குறையப்போவதில்லை.

முதல் வருடத்துக்கு மருத்துவப் பரிசோதனையை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பெரிய காரியம். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பார்ப்பார்கள். 200 பிள்ளைகளுக்கு உட்பட்ட பாடசாலையென்றால் எல்லோரையும். வைத்தியர் வருமுன் நிறை, உயரம், பார்வை எடுத்து வைக்க வேண்டும். பிழை வருவது இங்கேதான்.

பார்வை அட்டையிலிருந்து 6 மீற்றர் அளவு நாடாவால் அளந்து தரையில் சோக்கால் கோடு போடுங்கள். அட்டையில் வெளிச்சம் விழ வேண்டும், பிள்ளையின் முகத்தில் அல்ல. ஒவ்வொரு கண்ணாக, உள்ளங்கையால் மூட வேண்டும். விரலால் மூடினால் இடுக்கால் பார்ப்பார்கள். காத்திருப்பவர்கள் வாசலுக்கு வெளியே. உள்ளே நின்றால் முன்னுக்குப் போனவர் சொல்வதைக் கேட்டு எழுத்தைப் பாடமாக்கிவிடுவார்கள், பிறகு முழு வகுப்புக்கும் கண் நல்லம். உயரம் எடுக்கும்போது சப்பாத்தோடு கொண்டையையும் அவிழ்க்க வேண்டும்.

பரிசோதனை முடிந்தபின் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். குழுவின் உண்மையான வேலை அன்றுதான் தொடங்குகிறது. கண், பல், இதயம் என்று கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்த துண்டு புத்தகப் பைக்குள்ளேயே கிடந்து கிழிந்துவிடும். அறுவடைக் காலத்தில் கூலிக்குப் போகும் தாய் ஒருநாள் சம்பளத்தை விட்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஓட மாட்டா. ஒரு சி.ஆர். கொப்பியில் பெயர், குறை, அனுப்பிய இடம், போன திகதி, கண்ணாடி கிடைத்த திகதி என்று ஐந்து கோடு. கடைசி இரண்டும் வெறுமையாக உள்ள பெயர்களை மட்டும் கூட்டத்தில் வாசியுங்கள். நான்கைந்து பிள்ளைகளை ஒரே நாளில் ஒரு பெற்றோர் கூட்டிப்போக ஒழுங்கு செய்தால் பாதிப் பட்டியல் தீரும். ஆனால் மற்றப் பெற்றோரின் சம்மதம் கையெழுத்தாக இருக்க வேண்டும்.

அடுத்தது குடிதண்ணீர்க் கிணற்றுக்குக் குளோரின் போடுவது. 1.5 மீற்றர் விட்டம், 2 மீற்றர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 3,500 லீற்றர். 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் நல்ல குளோரின் தூள் என்ற கணக்கில் 9 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்ததை மட்டும் விடுங்கள். ஒரு மணித்தியாலமாவது குடிக்கக் கூடாது. முதல்நாள் பின்னேரம் போடுவது வசதி. கடற்கரை ஈரக்காற்றில் திறந்து வைத்த தூள் வீரியம் இழந்திருக்கும், அளவு சரியாக இருந்தும் பலன் இராது. மாரி வெள்ளம் ஏறிய கிணற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதை இறைத்துத் துப்புரவாக்க வேண்டும், அளவைப் பி.எச்.ஐ. சொல்வார்.

டெங்குக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் தேங்கும் இடங்களைப் பார்த்து வெறுமையாக்க வேண்டும். முட்டை நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். கூரைப் பீலியை யாரும் பார்ப்பதில்லை.

செயலாளருக்கு இடமாற்றம் வந்தால், கிளினிக்குக்கு அனுப்பிய பெயர்கள் உள்ள அந்த சி.ஆர். கொப்பி அவருடைய பையோடு போய்விடும். அதை அதிபரின் அலுமாரியில் வைத்து, எடுப்பவர் கையெழுத்துப் போட்டு எடுக்கட்டும்.