கோவைப்பழம்

பல் தேய்த்துத் துப்பினால் வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. மதினி அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏழாம் மாசம்.

மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே, ஈறில், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு உருண்டை. நிறம் மட்டும் பழுத்த கோவைப்பழம். பிரஷ் பட்டாலே ரத்தம்.

"கேன்சரா இருக்குமோ?" கேட்டது அவள் இல்லை. அண்ணன். செல்போனில் தேடிவிட்டு முகம் வெளுத்துப்போய் நின்றான்.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு தாண்டி, புனலூர் போனோம். பல் டாக்டரம்மா பார்த்ததும் மலையாளத்தில் "பேடிக்கண்டா" என்றார், பயப்பட வேண்டாமென்று. அப்புறம்தான் தமிழுக்கு வந்தார். கர்ப்பகால ஹார்மோன், பல்லிடுக்கில் படிந்த காரை, இரண்டும் சேர்ந்தால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் இப்படிக் கொத்தாக வளருமாம். புற்று கிடையாது. பிரசவத்துக்கு அப்புறம் பெரும்பாலும் தானே சுருங்கிவிடும், இல்லாவிட்டால் வெட்டி எடுத்துவிடலாம்.

பெயர் பயோஜெனிக் கிரானுலோமா. சீழ் பிடித்த கட்டி என்கிற மாதிரி அர்த்தம். இதில் சீழும் இல்லை, உண்மையில் இது கிரானுலோமா என்கிற அழற்சிக் கட்டியும் இல்லை! எந்த மகராசன் வைத்த பெயரோ, இன்னும் அதையே சொல்கிறார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் தூங்கிவிட்டான். மதினி செல்போன் கேமராவில் உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"பிள்ளைக்கு முன்னால இது வந்து நிக்கி பாரு" என்றாள்.