பற்றரி முனையில் பூத்த பச்சை

பருத்தித்துறைக் கரையிலிருந்து மீன்பெட்டி ஏற்றும் எங்கள் பிக்கப், சென்ற கிழமை விடியற்காலையில் சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிட்டது. புதுப் பற்றரி வாங்குவோம் என்றான் தம்பி. வோல்ற்மானியை வைத்துப் பார்த்தபோது 12.6 வோல்ற் காட்டியது, அதாவது மின்னேற்றம் நிறைந்தே இருந்தது. குற்றம் முனையில்தான். நேர்முனைக் கவ்வியைச் சுற்றி நீலப்பச்சைத் தூள் பூத்திருந்தது: கசியும் அமில ஆவி செம்பைத் தின்று விளைவிக்கும் உப்பு அது, கடற்காற்றின் ஈரம் அந்த அரிப்பை இன்னும் விரைவுபடுத்துகிறது.

எதிர்முனையையே முதலில் கழற்ற வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஏனெனில் அது வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும்போது, நேர்முனையில் பிடித்த ஸ்பனர் அந்த உடம்பில் தட்டினால் பெருமின்னோட்டம் பாய்ந்து தீப்பொறி பறக்கும். பற்றரி மூடிகள் இறுகியுள்ளனவா என்று பார்த்துவிட்டு, அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். சீறி எழுந்த நுரை அடங்கும்வரை மீண்டும் மீண்டும் ஊற்றி, ஈயம் மினுங்கும்வரை கம்பித்தூரிகையால் தேய்த்தேன். (கண்ணாடியும் கையுறையும் இன்றி இதைச் செய்யாதீர்கள்.) அரித்து மெலிந்திருந்த கவ்வி இறுக்கும்போது பிளந்துவிட்டதால் அதை மாற்றினேன். வாங்கும்போது எந்த முனைக்கென்று சொல்லுங்கள். நேர்முனைக் குற்றி சற்றுத் தடித்தது. எதிர்முனையை இறுதியில் பூட்டி, மேலே மெல்லிதாகக் கிறீஸ் பூசினேன். முதல் திருப்பிலேயே வண்டி இயங்கியது.