ஊதா மூடிக் குழாய்

அப்பாவின் இதயக் குருதிக்குழாயில் ஸ்டென்ட், அதாவது அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய், வைத்து நான்கு மாதம். குளோபிடோகிரெல் குளிசையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அப்படியிருந்தும் மறுபடி நெஞ்சுவலி. இதய நோய் நிபுணர் மரபணுப் பரிசோதனைக்குத் துண்டு எழுதித் தந்தார். அந்தக் குளிசை விழுங்கும்போது மருந்தாக இருப்பதில்லையாம். கல்லீரலில் சிவைபி2சி19 என்ற நொதியம்தான் அதை வேலை செய்ய வைக்கிறது. நொதியத்துக்கான மரபணு பழுது என்றால் குருதி உறைவதைக் குளிசை சரியாகத் தடுக்காது. அமெரிக்காவில் 2010 முதல் மருந்தின் விபரத்தாளிலேயே இதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கை உண்டு. எங்கள் பக்கத்து மக்களிடம் இந்தப் பழுது சாதாரணம்.

அதுவரை எல்லாம் ஒழுங்கு. பிறகுதான் அந்த இரத்தப் பரிசோதனை நிலையம்.

கருமபீடத்தில் இருந்தவர் துண்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் வாருங்கள் மிஸ். இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் குளிசையையும் ஐந்து நாள் நிறுத்துங்கள்" என்றார். அப்பா தலையாட்டிவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வெளியே வந்து காலி வீதி இரைச்சலுக்குள் நின்று வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் போட்ட சத்தம் அப்பாவுக்கே கேட்டது. ஸ்டென்ட் வைத்தவர் அந்தக் குளிசையைத் தானாக நிறுத்தினால் உள்ளே குருதி கட்டியாகி உயிருக்கே ஆபத்து. மரபணு இன்று சாப்பிட்டால் ஒன்று, நாளை பட்டினி கிடந்தால் வேறொன்று என்று மாறுவதில்லை. குளிசையும் வேண்டும், காலைச் சாப்பாடும் வேண்டும்.

இடியப்பம் சாப்பிட்டுவிட்டு மறுநாள் போனோம், இரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் அழைப்பு: "மாதிரி சரியில்லை, திரும்ப வாருங்கள்." பச்சை மூடிக் குழாயில் எடுத்திருக்கிறார்கள். அதில் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் என்ற பொருள் இருக்கும். டிஎன்ஏயைப் பெருக்கும் பிசிஆர் முறையை அது குழப்பிவிடும். ஊதா மூடி, அதாவது ஈடிடிஏ குழாய்தான் வேண்டுமாம். எழுபது வயது மனிதரை வெள்ளவத்தையிலிருந்து மறுபடி 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏற்றினேன். அங்கே மீண்டும் பணம் கட்டச் சொன்னார்கள்! பற்றுச்சீட்டை மேசையில் வைத்துவிட்டு, முகாமையாளர் வரும்வரை நகர மாட்டேன் என்று நின்றேன். கட்டவில்லை. தாதி ஊசியைக் கையில் எடுக்குமுன் மூடியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டேன்; நீங்களும் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

முடிவு *2/*2. அதாவது அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் பழுது. வைத்தியர் டிகாகிரெலோர் என்ற வேறு குளிசைக்கு மாற்றினார். நாளுக்கு இரு வேளை. சிலருக்கு அதில் மூச்சு வாங்கும் என்று முன்கூட்டியே சொன்னது உதவியது, இல்லாவிட்டால் முதல் வாரம் பயந்தே போயிருப்போம். இந்தப் பரிசோதனை ஆயுளுக்கு ஒரு முறை போதும் என்பதால் அறிக்கையைப் பிரதியெடுத்துக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

அப்பாவிடம் இரண்டும் பழுது என்றால் பிள்ளைகள் எங்களிடம் ஒன்றாவது நிச்சயம் இருக்கும். டொரொண்டோவில் இருக்கும் அண்ணாவுக்கு அறிக்கையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். குழாய் மூடியின் நிறத்தையும் கீழே எழுதினேன்.