பதினொரு பேரும் ஒரு பாட்டில் தண்ணீரும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், எங்கள் நிபோங் திபாலிலிருந்து புக்கிட் மெர்தாஜாம் ஒன்றும் தூர தேசம் இல்லை, கொமுட்டர் ரயிலில் ஏறினால் நடுவில் சிம்பாங் அம்பாட், அப்புறம் அதுதான். சின்ன வயதில் தோட்டத்து லோரியில் பாயை விரித்து உட்கார்ந்து வருஷா வருஷம் அங்கே உள்ள அன்னம்மாள் கோயிலுக்குப் போவோம். 2025-இல் மட்டும் எனக்குப் போக மனசே இல்லை.

வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். நான் வெளியே நாற்காலியில் செபமாலையோடு உட்கார்ந்திருப்பேன், வாய் பாட்டுக்கு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருக்கும், மனசு பில் கணக்கில் நிற்கும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு சாமி என்று ஒருநாள் கடவுளிடமே சொல்லிவிட்டேன். அந்த மாதம் நான் உருப்படியாகச் செய்த ஒரே செபம் அதுதான்.

அப்புறம் எதிர்வீட்டு அக்கா வந்தார். அவர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். கையில் 5 வெள்ளியை, அதாவது 5 ரிங்கிட்டை, திணித்து, "தங்கச்சி, என் பேரன் பேருல ஒரு மெழுகுவத்தி ஏத்திரு, அந்தப் பாட்டியம்மாவுக்குப் பேரப்பிள்ளைங்கன்னா உசிராமே" என்றார். மாதாவின் தாய், இயேசுவுக்குப் பாட்டி, சரிதானே. நான் போகப்போவதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. செய்தி பரவி, சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாளில் பதினொரு பேர் ஏறிவிட்டார்கள். எங்கள் பக்கம் முதலில் கரும்பு, அப்புறம் ரப்பர், இப்போது செம்பனை. தோட்டத்து லய வீடுகளை விட்டு எல்லாரும் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, வந்துவிட்டோம், ஆனால் ஒருவர் கோயிலுக்குப் போனால் ஊரே கூடப் போகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

திருவிழா வாரத்தில் ஒரு புதன்கிழமை கிளம்பினேன். அது கத்தோலிக்கத் திருச்சபையின் ஜூபிலி ஆண்டு, 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று பூசைதோறும் கேட்டிருப்பீர்கள். எனக்கு அந்த வார்த்தை கொஞ்சம் விறைப்பாகத்தான் பட்டது. மெதடிஸ்ட் சபைக்குப் போகும் என் சித்தி மகளோ, நாங்கள் நம்பிக்கை என்று சொல்வதை அவள் விசுவாசம் என்பாள், நாங்கள் எதிர்நோக்கு என்று சொல்வதை நம்பிக்கை என்பாள், பேச ஆரம்பித்தால் விடியாது. ஆனால் அன்றைக்கு ஸ்டேஷனில் எல்லாரும் கழுத்தை நீட்டி வராத ரயிலின் திசையையே பார்த்துக்கொண்டு நின்றபோது, ஓ, இதுதானா அது என்று தோன்றியது.

1888-இல் கட்டிய பழைய கோயில் அங்கே இன்னும் இருக்கிறது, 2019-இல் பசிலிக்கா என்ற சிறப்புப் பட்டத்துக்கும் உயர்த்திவிட்டார்கள். ஜூலை 26 திருநாள் என்பதால் புதன்கிழமையே நல்ல கூட்டம். மெழுகுவத்திகள் அனலில் முதுகு வளைந்து ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. கையுறை போட்ட ஒரு பையன் பாதி எரிந்ததையெல்லாம் சுரண்டித் தகரத்தில் போட்டுக்கொண்டிருந்தான், முழுசாக எரிய விடமாட்டார்களே என்று எனக்கு எப்போதும் உள்ள குறைதான். என்னுடையது காற்றில் அணைய, பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி தன் திரியைச் சாய்த்துப் பற்றவைத்துக் கொடுத்தார்.

தாளை விரித்து ஒவ்வொரு பேராகச் சொன்னேன். பேரனின் காய்ச்சல், ஒருத்தி மகளின் கல்யாணம். ஏழாவது ஆள் எனக்கு 300 வெள்ளி பாக்கி வைத்திருப்பவர், அவருக்கு வேலை கிடைக்க வேண்டுமாம். கிடைத்தால் எனக்கும் நல்லதுதானே என்று சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. பைபிளில் சாமுவேலின் தாய் அன்னா உதடு மட்டும் அசைய மன்றாடியதைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று குரு ஏலி நினைத்தாராமே, என்னையும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, சொன்ன வார்த்தையிலேயே மனசு நின்றது.

வீட்டுக்கு வந்ததும், கோயில் ஊற்றிலிருந்து பாட்டிலில் பிடித்து வந்த தண்ணீரை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தேன். வீட்டுக்காரருக்கோ, டயாலிசிஸ் என்பதால், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. பாட்டில் மூடியில் ஒரு மூடி ஊற்றிக் குடித்தார், குடித்துவிட்டுத் தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"என் பேரு எங்க?"

எழுதவே இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை சிகிச்சை முடிந்து வெளியே வந்தவர், உட்காருவதற்கு முன்பே கையை நீட்டினார்.

"பென்சில் இருக்கா? பக்கத்துக் கட்டில்காரர் பேரையும் எழுதணும்."