அம்மாவின் வயிறும் 'கசியும் குடலும்'

முழங்கால் வலிக்காக மருத்துவரைக் கேட்காமலேயே மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கிவந்த அம்மாவுக்கு வயிற்று உப்புசம் நிலைத்துவிட்டபோதுதான், பலரும் 'கசியும் குடல்' என்று சொல்வதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

சிறுகுடலின் உட்புறத்தில் உணவுக்கும் உடலுக்கும் இடையே காவல் நிற்பது ஒரேயொரு அடுக்குச் செல்கள்தாம். அவையும் 3 முதல் 5 நாட்களுக்குள் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. அச்செல்களை இறுக்கிப் பிணைக்கும் புரதக் கட்டுகள் தளர்ந்தால், பாக்டீரியாக்களின் கூறுகள் உள்ளே ஊடுருவி அழற்சியைத் தூண்டக்கூடும்; இதைத்தான் 'கசியும் குடல்' என்கிறார்கள். ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் மதுவும் இத்தளர்ச்சியை உண்டாக்கவல்லவை. கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயிலும், குடலில் நீடித்த அழற்சி உண்டாகும் குரோன் நோயிலும் இது காணப்படுகிறது. எனினும் 'கசியும் குடல்' என்பதைத் தனியொரு நோயாக மருத்துவ உலகம் ஏற்கவில்லை. ஆகவே அதைக் குணமாக்குவதாக விற்கப்படும் பொடிகளை வாங்க வேண்டாம் என்றே வேண்டுகிறேன்.

மருத்துவர் மாத்திரையை நிறுத்தி, காலுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். கீரை, வாழைத்தண்டு, சுண்டல் ஆகியவற்றை நான் சிறிது சிறிதாகக் கூட்டினேன். ஏனெனில் நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது உருவாகும் பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலம்தான் பெருங்குடற் செல்களின் முதன்மையான எரிபொருள். திடீரெனக் கூட்டினால் உப்புசம் மிகும். மலத்தில் இரத்தமோ காரணமற்ற எடையிழப்போ இருந்தால், உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

அம்மா இப்போது இரவு உணவுக்குப் பின் நிம்மதியாக உறங்குகிறார்.