எப்ப பறிச்சதுன்னு கேளுங்க

விவசாயிங்க நேரா கொண்டு வந்து விக்கிற சந்தைக்குப் போறது எனக்கு பல வருஷப் பழக்கம். ஆனா உருப்படியா வாங்கத் தெரிஞ்சது கொஞ்ச நாளாத்தான். அதுக்கு முன்னாடியெல்லாம் கடைல வாங்குற மாதிரியே லிஸ்ட் எழுதிட்டுப் போயி, லிஸ்ட்ல இருக்கறத தேடிப் பிடிச்சு வாங்கிட்டு, பத்து நிமிஷத்துல திரும்பிடுவேன். இப்ப லிஸ்ட்டே எடுத்துட்டுப் போறதில்ல. மொதல்ல கைல எதுவும் வாங்காம ஒரு ரவுண்டு சுத்தி வந்துடுவேன், யார் கிட்ட என்ன இருக்கு, எது நெறைய குவிஞ்சு கெடக்குன்னு பாப்பேன். எல்லாக் கடைலயும் ஒரே காய் குவிஞ்சிருந்தா அதுக்கு இப்பத்தான் சீசன்னு அர்த்தம், ருசியும் நல்லா இருக்கும் வெலையும் எறங்கியிருக்கும், அந்த வார சமையல் அத வச்சுத்தான்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி. "இது எப்ப பறிச்சது?"

இந்தக் கேள்விக்கு ஏன் இவ்ளோ முக்கியத்துவம் குடுக்குறேன்னா, செடியில இருந்து பறிச்ச பிறகும் காய் உயிரோடதான் இருக்கு, மூச்சு விட்டுட்டேதான் இருக்கு. தனக்குள்ள சேத்து வச்ச சர்க்கரையையும் தண்ணியையும் தானே செலவு பண்ணிட்டு இருக்கு. ஸ்வீட் கார்ன எடுத்துக்கோங்க, பறிச்ச நிமிஷத்துல இருந்து அதோட சர்க்கரை மாவா மாற ஆரம்பிச்சிடும். சாதாரண ரகமா இருந்து 30 டிகிரி வெயில்ல கெடந்துச்சுன்னா ஒரே நாள்ல பாதிக்கு மேல இனிப்பு போயிடும் (சூப்பர் ஸ்வீட்னு சொல்ற புது ரகங்கள் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும்). கீரையும் அப்படித்தான், வாட வாட அதுல இருக்கற வைட்டமின் சி குறைஞ்சிட்டே வரும். அதனால காலைல பறிச்சதுக்கும் முந்தாநாள் பறிச்சதுக்கும் ருசியிலயே வித்தியாசம் தெரியும், அது வெறும் மனப்பிரமை இல்ல.

பதில் சொல்றவங்க சரியாத்தான் சொல்றாங்களான்னு பாக்கறதுக்கும் வழி இருக்கு. கீரைக்கட்ட கைல எடுத்து தலைகீழா திருப்பி, அறுத்த எடத்தப் பாருங்க. தண்டு நுனி ஈரமா வெளிர் பச்சையா இருந்தா இன்னிக்கு அறுத்தது. பழுப்பு ஏறி, ஓரம் உள்வாங்கி சுருங்கியிருந்தா ஒரு நாள் தாண்டியாச்சு, மேல எவ்ளோ தண்ணி தெளிச்சு பளபளன்னு வச்சிருந்தாலும் அந்த வெட்டுவாய் காட்டிக் குடுத்துடும். பீன்ஸ வளைச்சா டக்குன்னு ஒடியணும், ரப்பர் மாதிரி வளைஞ்சா வேணாம். கத்திரிக்காயா இருந்தா காம்புத் தொப்பி பச்சையா, ஓரத்து முள்ளு கைய லேசா குத்துற மாதிரி இருக்கணும்.

இதெல்லாம் எனக்கு ஒரு பாட்டிம்மா சொல்லிக் குடுத்தது. பப்பாளியும் கீரையும் கொண்டு வருவாங்க, கடைசி வரிசைல சாக்கு விரிச்சு உக்காந்திருப்பாங்க. மொத தடவ நான் பழம் எடுத்துட்டு எப்ப பறிச்சதுன்னு கேட்டப்ப "நேத்து சாயங்காலம்"னு சொல்லிட்டு, என்னையத் திருப்பிக் கேட்டாங்க, "நீ எப்ப சாப்பிடப் போற?" எனக்கு ஒண்ணும் புரியல. இன்னிக்கேன்னு சொன்னேன். உடனே கைல இருந்தத வாங்கி வச்சுட்டு, குவியலுக்கு அடில இருந்து முக்கால்வாசி மஞ்சளான வேற ஒண்ண எடுத்துக் குடுத்தாங்க. "அத எடுத்தீன்னா நாலு நாள் கழிச்சுத்தான் இனிக்கும் சாமி, இத இன்னிக்கே அறுத்துக்கோ"ன்னாங்க. எந்தக் கடைலயும் என் கிட்ட யாரும் இப்படிக் கேட்டதே இல்ல. வெதச்சவங்க, தண்ணி பாய்ச்சுனவங்க, பறிச்சவங்க மூணு பேரும் ஒரே ஆளா இருந்தாத்தான் இந்தக் கேள்வியே வரும்.

அதுக்கப்புறம் தேடிப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், பழத்துல ரெண்டு ஜாதி இருக்காம். வாழை, மா, பப்பாளி, தக்காளி மாதிரியானது பறிச்ச பிறகும் பழுக்கும், அதுவே எத்திலீன்னு ஒரு வாயு விடும், அதுல பழுக்கும். திராட்சை, ஆரஞ்சு, ஸ்ட்ராபெர்ரி எல்லாம் அப்படி இல்ல, பறிச்சப்ப எவ்ளோ இனிப்பு இருந்துச்சோ அவ்ளோதான், வீட்ல வச்சிருந்தா கொழகொழன்னு ஆகும், அழுகும், இனிப்பு ஏறாது. அதனால மொத ஜாதில "எப்ப சாப்பிடப் போறீங்க"ங்கறது கேள்வி, ரெண்டாவது ஜாதில செடியிலயே நல்லா பழுத்த பிறகு பறிச்சதான்னு கேக்கணும். தூரத்துல இருந்து லாரில வர்ற பழத்த அப்படி விட்டு வைக்க முடியாது, நசுங்கிடும், பக்கத்துத் தோட்டத்துக்காரங்களால முடியும். இந்த சந்தைக்குப் போறதோட பெரிய லாபமே இதுதான்னு நான் நெனைக்கிறேன்.

ஒரு கசப்பான அனுபவமும் சொல்லணும். வேறொரு சந்தைல ஒருத்தர் கிட்ட ரெண்டு மாசம் தொடர்ந்து வாங்கினேன், எல்லாம் சொந்தத் தோட்டம்னு சொன்னார். ஒரு நாள் விடியறதுக்கு முன்னாடியே போயிட்டேன், பாத்தா மண்டில இருந்து வந்த பெட்டிய ஒடச்சு கூடைல கொட்டிட்டு இருக்கார். வாங்கி விக்கிறது தப்பே இல்ல, அதுவும் ஒரு பொழப்புதான். ஆனா தோட்டத்துல பறிச்சதுன்னு சொல்லி வித்தது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா நாலு கடை தள்ளி நெஜமாவே ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு அறுத்துட்டு வந்தவங்க போணியாகாம உக்காந்திருந்தாங்க. இதத் தடுக்கத்தான் நல்ல சந்தைகள்ல விதி வச்சிருக்காங்க. நியூயார்க்ல 1976ல கிரீன்மார்க்கெட்னு ஒரு விவசாயிங்க சந்தை ஆரம்பிச்சப்ப வந்தது பன்னெண்டு விவசாயிங்கதான், அங்க ஒவ்வொருத்தரும் தானே வெளைவிச்சத மட்டும்தான் விக்கலாம்னு விதி. 1999 நவம்பர்ல மதுரைல மொத உழவர் சந்தை தொறந்தாங்கல்ல, அந்தத் திட்டத்துலயும் விவசாயிக்கு அடையாள அட்டை குடுத்துத்தான் உள்ள விடறது. நீங்க போற எடத்துல அப்படி விதி இருக்கான்னு ஒரு தடவ விசாரிச்சுக்கோங்க. இல்லன்னா கண்ண நம்புங்க. ஒரே கடைல நாலு சீசன் காயும் ஒண்ணா இருந்தா, எல்லாம் ஒரே சைஸ்ல அச்சு வார்த்த மாதிரி இருந்தா, கொஞ்சம் யோசிங்க.

இன்னொண்ணு, விவசாயி நேரா வித்தா அது இயற்கை விவசாயம்னு நெறைய பேர் நெனச்சுக்கறாங்க. அது வேற இது வேற. எலைல பூச்சி ஓட்டை இருந்தா மருந்தடிக்கலன்னு சொல்றதும் முழுசா சரியில்ல, பூச்சி கடிச்ச பிறகுதான் மருந்தே அடிச்சிருக்கலாமே. மருந்து அடிச்சீங்களா, கடைசியா எப்ப அடிச்சீங்கன்னு மரியாதையா கேட்டா பெரும்பாலும் மறைக்காம சொல்லிடறாங்க. குத்தம் கண்டுபிடிக்கிற தொனில கேட்டா யாருக்குத்தான் கோவம் வராது?

பேரம் பேசறதப் பத்தி என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது. கடை கட்டுற நேரத்துல அவங்களே கொறச்சுக் குடுப்பாங்க, ஏன்னா மிஞ்சுன கீரைய திரும்பத் தூக்கிட்டுப் போனா அது மாட்டுக்கோ குப்பைக்கோதான். அந்த நெலமைல நிக்கிறவங்க கிட்ட இன்னும் கொற இன்னும் கொறன்னு நெருக்கறது எனக்கு ஒப்பல. நடுவுல கமிஷன் இல்லாம முழுக்காசும் அவங்க கைக்குப் போகுதுன்னு சொல்றோம், ஆனா வண்டிச்செலவும் ஒரு முழு நாள் உழைப்பும் அந்தக் காசுக்குள்ளதான் அடங்கியிருக்கு. சில்லறை மட்டும் கொண்டு போங்க, அதுவே அவங்களுக்குப் பெரிய உதவி.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நெறைய பேர் கோட்டை விடுறது. கேரட், முள்ளங்கி எலையோட வாங்குனீங்கன்னா வந்த உடனே எலைய வெட்டிடுங்க, விட்டு வச்சா அது கெழங்குல இருக்கற தண்ணிய உறிஞ்சிட்டே இருக்கும், ரெண்டே நாள்ல கெழங்கு தொளதொளன்னு ஆயிடும் (எலைய தூக்கிப் போடாதீங்க, பொரியல் பண்ணலாம்). உருளைக்கெழங்கு வெளிச்சம் படாத எடத்துல இருக்கணும், பச்ச நெறம் வந்துட்டா அதுல சோலனைன்னு நச்சு ஏறியிருக்கும். தக்காளிய தயவுசெஞ்சு ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க. 2016ல ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்காரங்க பழுத்த தக்காளிய 5 டிகிரில ஒரு வாரம் வச்சுப் பாத்தாங்க, வாசனையக் குடுக்குற வேதிப்பொருள்களே நெறைய கொறஞ்சு போச்சு, வெளிய எடுத்து வச்ச பிறகும் பழைய மாதிரி ஆகல. அவ்ளோ காலைல எந்திரிச்சுப் போயி, செடிலயே பழுத்தத தேடி வாங்கிட்டு வந்து, அத நம்ம கையாலயே சப்புன்னு ஆக்கலாமா?

போன வாரம் பாட்டிம்மா கிட்ட கீரை மட்டும்தான் இருந்துச்சு. பப்பாளி எங்கன்னு கேட்டேன், காத்துல ரெண்டு மரம் சாஞ்சிடுச்சுன்னாங்க. வருத்தமா இருந்துச்சு. அவங்க மட்டும் அடுத்த பேச்சுக்குப் போயிட்டாங்க, வேலில போட்ட அவரை பூத்திருக்காம், இன்னும் பத்து நாள்ல பிஞ்சு எறங்கிடுமாம். "வெரசா வந்துடு, லேட்டா வந்தா முத்தல்தான் கெடைக்கும்"னு சொல்லியிருக்காங்க. காலண்டர்ல அன்னிக்கு அலாரம் வச்சுட்டேன்.