பழைய காரின் ஏசி: கேஸ் அடிப்பதற்கு முன் மல்டிமீட்டர்

2002இல் பதிவான என்னுடைய சிறிய பெட்ரோல் காரில், காலை நேரத்தில் ஏசி நன்றாகக் குளிரும். மதிய வெயிலில் அரைமணி நேரம் ஓடியதும் வெறும் காற்றுதான் வரும். நிறுத்தி இன்ஜின் ஆறிய பிறகு குளிர்ச்சி திரும்பிவிடும். இப்படி வந்துபோகும் கோளாறுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து கேஸ் அடிப்பதுதான். ஆனால் கேஸ் மட்டும்தான் குறை என்றால் காலையிலும் குளிர்ச்சி மட்டாகவே இருந்திருக்கும் என்பதால், மின்சாரப் பக்கத்தைச் சந்தேகித்தேன்.

இருந்தாலும் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டேன். ஏசியைக் குளிரவைக்கும் ஆர்134ஏ கேஸ், இன்ஜின் ஓடாதபோது 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 97 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும். திரவக் கேஸ் கொஞ்சம் மிச்சமிருந்தாலே அந்த அழுத்தம் வந்துவிடும் என்பதால், அதை வைத்து அளவு சரியென்று முடிவுகட்டக் கூடாது. இன்ஜின் ஓடும்போதும், குளிரும் வேளையில், உயரழுத்தம், தாழழுத்தம் என இரு பக்க அழுத்தங்களும் ஒழுங்காக இருந்த பிறகே அந்தப் பக்கத்தை விட்டேன்.

அடுத்து, வண்டியை நன்றாகச் சூடேற்றி, கோளாறு வரும்வரை காத்திருந்தேன். குளிர்ச்சி நின்றதும் பானெட்டைத் திறந்து பார்த்தால், கேஸை அழுத்தும் கம்ப்ரஸரின் புல்லியைப் பெல்ட் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதன் முன்னால், காந்த இழுப்பால் புல்லியோடு ஒட்டிக் கம்ப்ரஸரைச் சுழற்ற வேண்டிய கிளட்ச் தட்டு மட்டும் அசையாமல் நிற்கிறது. கிளட்ச் வயரில் மின்சாரம் இருந்தது. ஆனால் பேட்டரியில் 13.7 வோல்ட் இருக்க, கிளட்ச்சில் 11.6தான் வந்தது. மீதி 2.1 வோல்ட் எங்கே போகிறது என்று தேட, கிளட்ச்சுக்குப் போகும் மின்சாரத்துக்குச் சுவிட்சாக இருக்கும் ரிலேயின் 30 (மின்சாரம் உள்ளே வருவது), 87 (வெளியே போவது) ஆகிய முனைகளுக்கு இடையிலேயே 1.4 வோல்ட் விழுவது தெரிந்தது. ரிலேயைக் கழற்றியதும் சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்ததைக் கண்டேன். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால்தான் இந்த இழப்பு தெரியும்; வயரைக் கழற்றிவிட்டு அளந்தால் மீட்டர் முழு வோல்ட்டையும் காட்டி ஏமாற்றிவிடும்.

ரிலேயையும் சாக்கெட் முனைகளையும் மாற்றியதும் 13.3 வோல்ட் வந்தது. ஆனாலும் கடும் வெயிலில் கிளட்ச் எப்போதாவது பிடிக்காமல் விட்டது. காரணம் கிளட்ச்சுக்குக் காந்த இழுப்பைத் தரும் காயிலின் இயல்பிலேயே இருக்கிறது. குளிர்ந்த நிலையில் 3.6 ஓம் மின்தடை இருக்கும் செம்புக் காயில், 100 டிகிரியில் ஏறத்தாழ 4.7 ஓம் ஆகிவிடும். அதே வோல்ட்டில் மின்னோட்டம் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குறைந்து, காந்த இழுப்பும் தளர்ந்துவிடும். தேய்ந்த தட்டு புல்லியிலிருந்து விலகி நின்றால், அந்தத் தளர்ந்த இழுப்பு அதை எட்டாது.

மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்ததில் இடைவெளி 0.8 மில்லிமீட்டர் இருந்தது. பொதுவாக 0.3 முதல் 0.6 வரைதான் இருக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, நடு போல்ட்டை எடுத்து, தட்டுக்குப் பின்னாலிருந்த மெல்லிய ஷிம் வளையங்களில் ஒன்றை நீக்கி மாட்டியதும் 0.45க்கு வந்தது. தட்டைக் கையால் சுற்றி, எங்கும் உரசவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டேன். உரசினால் தட்டு ஓயாமல் சூடேறிக் காயிலே கெட்டுவிடும். அதன் பிறகு உச்சி வெயிலில் நெரிசலில் நின்றபோதும் கிளட்ச் ஒருமுறையும் விடவில்லை. கேஸ் செலவே இல்லாமல் தீர்ந்ததில் எனக்குப் பெரும் நிறைவு.

இன்னொரு கோளாறும் இருந்தது: காற்றை உள்ளே தள்ளும் ப்ளோயர் நான்காம் வேகத்தில் மட்டும் ஓடியது. மின்சாரத்தைக் குறைத்து வேகத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் எரிந்ததே அதற்குக் காரணம், ஏனெனில் அந்த ஒரு வேகம்தான் ரெசிஸ்டரைத் தொடாமல் போகிறது. புதியதைப் போடுமுன் மோட்டாரைக் கழற்றி, விசிறிக்குள் அடைந்திருந்த வேப்பிலைச் சருகை அகற்றினேன். மோட்டார் இறுக்கமாகச் சுற்றி அதிக ஆம்பியர் இழுத்தால் புது ரெசிஸ்டரும் எரிந்துபோகும்.

இரவில் முகப்பு விளக்கைப் போட்டால் ப்ளோயர் சற்றுத் தணிவது மட்டும் பாக்கி. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையில், விளக்கும் ப்ளோயரும் ஓடும்போது எத்தனை வோல்ட் விழுகிறது என்று அடுத்து அளக்கப்போகிறேன், 0.2க்கு மேல் காட்டினால், போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, புதுப் பட்டை போடுவதாக இருக்கிறேன்.